ஆர்எக்ஸ் 100-க்கு 135 பிளாக் மாட்டலாமா?

கேள்வி: அப்பா 1994-இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 என்னிடம் இருக்கிறது. இப்போது மேட்டில் இழுவை இல்லை. யமஹா ஆர்எக்ஸ் 135-இன் பிளாக்கை (சிலிண்டர் உள்ள பகுதியை) மாட்டினால் பறக்கும், எஞ்சின் எண் மாறாது, ஆர்டிஓ தொல்லையும் வராது என்கிறார் ஒரு மெக்கானிக். முன்பணம் கொடுத்து வண்டியை ஒரு மாதம் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார். நம்பலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: பிளாக்கை மாற்ற வேண்டாம். ஒரு மாதத்துக்கு வண்டியை விடவே வேண்டாம்.

இதே 98 சிசி எஞ்சினில்தான் உங்கள் அப்பா மேடு ஏறினார். இத்தனை ஆண்டுகளில் சிலிண்டர் தேய்ந்திருக்கும், சைலன்சரில் கரி அடைத்திருக்கும், கிளட்ச் பிளேட் வழுக்கும், கிராங்க் ஆயில் சீல் காய்ந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். இவற்றைச் சரிசெய்தாலே பழைய 11 குதிரைத்திறன் ஏறக்குறைய திரும்பிவிடும்.

ஆர்எக்ஸ் 100, ஆர்எக்ஸ் 135 இரண்டு வண்டிக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 50 மில்லிமீட்டர்தான். சிலிண்டர் விட்டம் மட்டும் 50, 58 என்று வேறுபடுகிறது. அதனால்தான் இந்த வேலை எளிதாகத் தெரிகிறது. தேய்ந்த கிராங்க்கின் மேல் பெரிய பிஸ்டனை வைத்து, கார்புரேட்டர் ஜெட்டையும் ஆயில் பம்ப்பையும் அதற்கேற்பத் திருத்தாமல் விட்டால், நெடுஞ்சாலையில் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைத் தூக்கி எறியும்.

‘எஞ்சின் எண் மாறாது’ என்பது உண்மை. எண் எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸில் இருக்கிறது, பிளாக்கில் இல்லை. இந்தப் பாதி உண்மையை வைத்துத்தான் வியாபாரமே நடக்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் உற்பத்தியாளர் தந்த விவரத்துக்கும் மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. 98 சிசி என்று காப்பீடு எடுத்துவிட்டு 132 சிசி ஓட்டினால், விபத்தின்போது இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்கு நீங்களே காரணம் எடுத்துக்கொடுக்கிறீர்கள்.

உங்கள் வண்டி 15 ஆண்டு கடந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். ஆர்டிஓ அலுவலகத்தில் எண்ணைப் பார்க்கிறார்கள், சிலிண்டரை யார் அளக்கிறார்கள்? காகிதத்தில் அவ்வளவு கடுமையான சட்டம், ஆய்வில் இவ்வளவு அலட்சியம். இந்த இடைவெளியில்தான் வாசலில் நிற்கும் புரோக்கர் பிழைக்கிறான். ‘எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பவன் விபத்து வழக்கில் உங்களோடு வந்து நிற்க மாட்டான்.

ஒரு விலக்கு இருக்கிறது. உங்கள் கிராங்க் கேஸே விரிசல் விட்டு, பற்றவைத்தும் நிற்காத நிலை என்றால், அதே தயாரிப்பு, அதே ரகத்தில் வேறு எஞ்சின் வைக்க ஆர்டிஓவிடம் அனுமதி கேட்கலாம். முதலில் விண்ணப்பம், பிறகு மாற்றம். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு அலைகிறார்கள். வாங்கும் எஞ்சினுக்கு ரசீது வேண்டும். அது எந்த வண்டியில் இருந்தது, அந்த வண்டியின் பதிவு ரத்தானதா என்பதற்கும் ஆவணம் வேண்டும். திருட்டு வண்டியின் எஞ்சின் அல்ல என்று காவல்துறைச் சான்றும் கேட்கலாம். பிறகு புதிய எண் ஆர்.சி.யில் ஏறியதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். சென்னை புதுப்பேட்டையிலோ வேறு பழைய உதிரிச் சந்தையிலோ ரசீதில்லாமல் எஞ்சின் வாங்கினால், யாரோ தொலைத்த வண்டியின் எண் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும். எண்ணைத் தேய்த்து வேறு எண் குத்தித் தருகிறேன் என்று ஒருவன் சொன்னால், அந்த நிமிடமே வெளியேறுங்கள். அது குற்றம்.

சரி, மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? நம் நாட்டில் ஸ்பேனர் பிடித்தவர் எல்லாம் மெக்கானிக். எஞ்சினைப் பிரிக்க உரிமம் எதுவும் தேவையில்லை. ஆகவே நீங்கள்தான் சோதிக்க வேண்டும். ‘பிஸ்டனை முதலில் வாங்குவீர்களா, போரிங்கை முதலில் முடிப்பீர்களா?’ என்று கேளுங்கள். தேய்ந்த சிலிண்டரை உட்புறம் கடைவதுதான் போரிங். பிஸ்டனைக் கையில் வைத்து அளந்து, அதற்கு ஏற்றபடி சிலிண்டரைக் கடைவதுதான் முறை. சட்டைத் துணி எடுக்காமல் தையற்கூலி பேச முடியாது. அடுத்து, கடைந்த பிறகு போர்ட் (சிலிண்டர் சுவரில் உள்ள துளை) விளிம்புகளை மழுக்குவாரா என்று கேளுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் அதைச் செய்யாவிட்டால் புது ரிங் அந்த விளிம்பில் தட்டி உடையும். இந்த இரண்டுக்கும் தயங்காமல் பதில் சொல்பவர் வேலை தெரிந்தவர். எந்த லேத் பட்டறையில் கடைகிறார் என்பதையும் மறைக்க மாட்டார்.

ஆர்எக்ஸ் பழைய உதிரிகளுக்கு இன்று ஏராளமான கிராக்கி. உங்கள் அசல் கார்புரேட்டரும் பிளாக்கும் கழன்று போய் வேறொன்று மாட்டப்பட்டால் உங்களுக்குத் தெரியாது. ‘ஜப்பான் சரக்கு’ என்று சொல்லி உங்களுடையதையே இன்னொருவருக்கு விற்பார்கள். விடும் முன் கிராங்க் கேஸ் எண், பிளாக், தலைப்பகுதி, கார்புரேட்டர் எல்லாவற்றையும் படம் எடுங்கள். பிரிக்கும்போது பக்கத்தில் இருங்கள். கழற்றிய பழைய பொருள்கள் அத்தனையும் உங்கள் கைக்கு வர வேண்டும். உதிரிகளை நீங்களே கடையில் ரசீதோடு வாங்கிக் கொடுங்கள்; கூலியைத் தனியே பேசுங்கள். இதற்கு முகம் சுளிப்பவருக்கு உதிரியில்தான் லாபம். பொருள் கையில் இருந்தால் இது சில நாள் வேலை. ஒரு மாதம் எதற்கு?

போரிங் முடிந்தபின் முதல் 500 கிலோமீட்டருக்கு முழு ஆக்சிலரேட்டர் முறுக்காதீர்கள், இருவர் ஏறாதீர்கள். ஆயில் பம்ப்பைக் கழற்றிவிட்டு, ‘ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்துகொள்ளலாம்’ என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பம்ப் நன்றாக இருக்கும்போது அதைக் கழற்ற ஒரு காரணமும் இல்லை.