நூல் அறிமுகப் பேச்சு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒரு நாவலைப் பற்றி வகுப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். முழுவதையும் எழுதி மனப்பாடம் செய்கிறாள். ஒரு வரி மறந்தாலும் அப்படியே நின்றுவிடுகிறாள். என்ன செய்யலாம்?

பதில்: மனப்பாடப் பேச்சில் ஒவ்வொரு வரியும் அடுத்த வரியை இழுத்துக்கொண்டு வரும். ஒன்று நழுவினால் பின்னால் இருப்பதெல்லாம் போய்விடும். எழுதிப் பார்ப்பது நல்லதுதான். பேசப்போகும் நாளில் அந்தத் தாள் வீட்டில் இருக்கட்டும். கையில் அஞ்சலட்டை அளவில் நான்கு அட்டைகள் போதும், ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் நான்கைந்து சொற்கள். மெல்லிய தாள் வேண்டாம், கை நடுக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் அட்டையில் ஒரு காட்சி. "நான் படித்த நூலின் பெயர்..." என்று தொடங்காமல், கதைக்குள் நடக்கும் ஒன்றை இரண்டே வரியில் சொல்லிவிட்டு, பிறகு நூலையும் ஆசிரியரையும் சொல்லட்டும். அடுத்த அட்டையில் யாருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது என்பது. மூன்றாவதில் வாசித்துக் காட்டும் பகுதியின் பக்க எண். கடைசியில் அவளுடைய கருத்து. முதல் வரியும் முடிக்கும் வரியும் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். தடுமாற்றம் பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில்தான்.

கேள்வி: என் மாணவர்கள் கதைச் சுருக்கம் சொல்லி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடுகிறது. (ஓர் ஆசிரியை)

பதில்: அத்தியாய வரிசையில் போவதால்தான் இப்படி ஆகிறது. "அப்புறம், அப்புறம்" என்று போகும் பேச்சுக்கு நிற்க இடமே கிடையாது. ஐந்து நிமிடத்தில் கதைக்கு ஒன்றரை நிமிடம் கொடுங்கள். முக்கியப் பாத்திரம் ஒரு முடிவெடுக்க வேண்டிய கட்டத்தில் கதையை நிறுத்தச் சொல்லுங்கள். மிச்சத்தைக் கேட்பவர்களே படித்துக்கொள்ளட்டும்.

வாசிக்கும் பகுதி ஆறு முதல் எட்டு வரி. மூச்சு விடும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டு, அந்தப் பக்கத்தில் துண்டுச்சீட்டு செருகி வைக்க வேண்டும்.

"எனக்கு மிகவும் பிடித்திருந்தது" என்பதைக் கருத்தாக ஏற்காதீர்கள். "எந்தப் பக்கத்தில்?" என்று கேளுங்கள். "அம்மா கோபமாக இருக்கிறாள் என்று ஆசிரியர் சொல்லவே இல்லை, சமையல் பாத்திரத்தை வைக்கும் சத்தத்திலேயே காட்டிவிடுகிறார்" என்று ஒரு மாணவர் சொன்னால், அவர் ஊன்றிப் படித்திருக்கிறார்.

கேள்வி: திரையில் படங்கள் போட்டுக் காட்டலாமா?

பதில்: ஐந்து நிமிடத்துக்குத் தேவையில்லை. எல்லார் கண்ணும் திரைக்குப் போய்விடும். நூலையே கையில் எடுத்துப் போகட்டும்.

கேள்வி: சத்தமாகத்தான் பேசுகிறேன். ஆனாலும் கடைசி பெஞ்சில் புரியவில்லை என்கிறார்கள். ஏன்?

பதில்: வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்குகிறாயா என்று பார். தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில்தான் வரும். இல்லை, மாட்டான், கூடாது எல்லாமே அங்கேதான். "அவன் அந்தக் கடிதத்தைப் படிக்கவில்லை" என்பதில் முடிவு அமுங்கினால், படித்தானா இல்லையா என்பதே தெரியாது. வந்து, பார்த்து, சொல்லி, கேட்டு என்று வாக்கியத்தை நீட்டினால் முடிவுக்கு வரும்போது மூச்சும் இருக்காது. "வந்தான். பார்த்தான்." என்று உடைத்துச் சொல்.

அட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு, நின்றபடி, கடிகாரம் பார்த்து மூன்று முறை பேசிப் பழகு. மூன்றாம் முறை வீட்டில் ஒருவரை அடுத்த அறையில் உட்காரவைத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் குறிக்கச் சொல். விட்டுப்போன சொற்கள் எவை என்று பார்த்து, அந்த வாக்கியங்களை மட்டும் திரும்பச் சொல்லிப் பழகு.