கணினிக் கேபினெட்டின் தரத்தைக் கழற்றிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்: கேள்வி பதில்

கேள்வி: கடையில் வரிசையாக வைத்திருக்கும் கணினிக் கேபினெட்கள் எல்லாவற்றிலும் கண்ணாடியும் வண்ண விளக்கும் இருக்கின்றன. எது தரமானது என்று நின்ற இடத்திலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. இரண்டு பக்கக் கதவுகளையும் கழற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடைக்குப் போய்விடலாம். வெறும் சட்டத்தின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து மெல்ல முறுக்கும்போது அது நெளியக் கூடாது. மலிவான கேபினெட்களில் தகட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர் அளவிலும், நல்லவற்றில் 0.8 முதல் 1 மில்லிமீட்டர் வரையிலும் இருக்கும். ஆனால் சட்டத்துக்கு விறைப்பைத் தருவதில் தடிமனுக்கு இணையான பங்கு விளிம்பு மடிப்புகளுக்கும் உண்டு. நன்றாக மடித்து ரிவெட் அடித்த மெல்லிய தகடு, மடிக்காமல் விட்ட கனத்த தகட்டைவிட உறுதியாக நிற்பதைப் பார்க்கலாம்.

அடுத்து, வயர்களை நுழைக்கும் ஓட்டைகளின் ஓரத்தில் ஒரு கைக்குட்டையை இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் அங்கே பிசிறு எடுக்கவில்லை என்று பொருள். பொருத்தும்போது விரலை அறுப்பதும், வயரின் உறையைக் கீறுவதும் அந்தப் பிசிறுதான். உள்ளே யாரும் பார்க்காத ஓரத்தைக்கூட மழித்து அனுப்பும் நிறுவனம் மற்ற வேலைகளையும் பொறுப்பாகத்தான் செய்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: இரண்டாம் முறை முடுக்கியபோதே திருகின் மரை போய்விட்டது, ஐயா. நான் அதிகமாக இறுக்கிவிட்டேனா?

பதில்: உங்கள் மேல் குறை சொல்ல மாட்டேன். எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் ஆகியவற்றுக்குப் பயன்படும் 6-32 வகைத் திருகில், அங்குலத்துக்கு 32 மரை. அதாவது, ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் இடைவெளி. அரை மில்லிமீட்டர் தகட்டில் வெறும் ஓட்டை போட்டு மரை வெட்டினால், ஒரு முழுச் சுற்று மரைகூட அதில் அமையாது. பிடிமானம் எங்கிருந்து வரும்? அக்கறையுள்ள தயாரிப்பாளர்கள் ஓட்டையின் ஓரத்தைக் கழுத்துப்போல் வெளியே இழுத்து, அந்தக் கழுத்துக்குள் மரை வெட்டுகிறார்கள். பின்பக்கம் தடவினால் சிறு மேடாகத் தட்டுப்படும். இன்னொன்றையும் கவனியுங்கள்: 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள எம்3 திருகுதான் பொருந்தும். ஒன்றுக்குரிய ஓட்டையில் மற்றதை வலிந்து முடுக்கினால் எந்தக் கேபினெட்டும் தாங்காது.

கேள்வி: முகப்பில் கண்ணாடி நல்லதா, வலை நல்லதா?

பதில்: வலை. முகப்பைக் கண்ணாடியால் மூடிவிட்டு ஓரத்தில் விரலளவு இடுக்கு மட்டும் விட்டால், உள்ளே மூன்று ஃபேன் வைத்தும் அவை காற்றுக்குத் திணறும். வலையின் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய தூசு வடிகட்டி இருக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் அடியில் உள்ள வடிகட்டியைக் கேபினெட்டைத் தூக்காமலே உருவ முடிந்தால் இன்னும் சிறப்பு.

கேள்வி: தூத்துக்குடியில் கடற்கரைக்கு அருகில் குடியிருக்கிறேன். பழைய கேபினெட் துருப்பிடித்துவிட்டது. அலுமினியம்தான் வாங்க வேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை. பெரும்பாலான கேபினெட்கள் துத்தநாகம் பூசிய எஃகுத் தகட்டால் ஆனவை. அதன்மேல் பவுடர் பூச்சும் இருந்தால் உப்புக் காற்றை நன்றாகவே தாங்கும். துரு பெரும்பாலும் வெட்டிய விளிம்பிலும் திருகு ஓட்டையிலும்தான் தொடங்கும். ஆகவே உட்புறத்திலும் பூச்சு முழுமையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: கேபினெட்டின் வடிவமைப்புப் பிழை உண்மையிலேயே ஆபத்தில் முடியுமா?

பதில்: முடியும். என்இசட்எக்ஸ்டி நிறுவனத்தின் எச்1 என்ற சிறிய கேபினெட்டை 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் திரும்பப் பெற நேர்ந்தது. கிராபிக்ஸ் கார்டை மதர்போர்டுடன் இணைக்கும் ரைசர் பலகையைச் சட்டத்தோடு பிணைத்த இரண்டு உலோகத் திருகுகள், அந்தப் பலகைக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஏற்படுத்தித் தீப்பற்றும் அபாயம் இருந்தது. நிறுவனம் முதலில் நைலான் திருகுகளை அனுப்பிச் சமாளிக்கப் பார்த்தது. பழுது பலகையின் அமைப்பிலேயே இருந்ததால் கடைசியில் ரைசரையே மாற்றித் தர வேண்டியதாயிற்று. பார்வைக்கு மிக நேர்த்தியான கேபினெட் அது. ரைசர் உள்ள எந்தக் கேபினெட்டை வாங்கினாலும், அந்தப் பலகை எதன் மேல் அமர்கிறது, எந்தத் திருகு அதைத் தொடுகிறது என்று பார்க்காமல் மின் இணைப்புக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கண்ணாடிக் கதவைக் கழற்றித் தரையில் சாய்த்த மறுகணமே தூளாகிவிட்டது. மட்டமான கண்ணாடியா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. டெம்பர்டு (சூடாக்கி வேகமாகக் குளிர்வித்து உறுதியாக்கிய) கண்ணாடியின் முகம் வலுவானது, ஓரம் பலவீனமானது. செராமிக் டைல் கண்ணாடியைவிடக் கடினமானது என்பதால், மூலை லேசாகத் தட்டினாலே முழுக் கதவும் உதிர்ந்துவிடும். கழற்றியதும் துணியின் மேல் படுக்க வையுங்கள். வாங்கும்போது, நான்கு ஓரமும் எஃகுச் சட்டத்துக்குள் அடங்கிய கதவைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: பதினைந்து ஆண்டு பழைய, கனமான ஏடிஎக்ஸ் கேபினெட் கைவசம் உள்ளது. புதிய மதர்போர்டு அதில் பொருந்துமா?

பதில்: பொருந்தும். ஏடிஎக்ஸ் என்பது மதர்போர்டு, கேபினெட் ஆகியவற்றின் அளவுகளுக்கான பொதுத் தரநிலை; இன்டெல் 1995இல் வகுத்த அந்த அளவுகள்தான் இன்றைக்கும் வழக்கில் உள்ளன. 305 × 244 மில்லிமீட்டர் பலகை எளிதாக உட்காரும். தடங்கல் வேறு இடத்தில் வரும். இன்றைய பெரிய கிராபிக்ஸ் கார்டுகள் 300 மில்லிமீட்டரைத் தாண்டுகின்றன. பழைய ஹார்டு டிஸ்க் கூண்டு அவற்றை மறிக்கும். கூண்டு திருகால் பிணைத்ததென்றால் கழற்றிவிடலாம், ரிவெட் அடித்ததென்றால் துளையிட்டு எடுக்க வேண்டியிருக்கும். அளந்து பார்த்த பிறகு கார்டை வாங்குங்கள்.