சீட் கவர் போடுவதா, விடுவதா? ஒரு குஷன் பாஸிடம் கேட்டவை

கொழும்பு மருதானையில் 23 வருடமாகக் குஷன் வேலை செய்கிறேன். ஓட்டோ முதல் பிராடோ வரை சீட் கழற்றியிருக்கிறேன். கவர் தைத்துத்தான் பிழைப்பு நடக்கிறது, ஆனாலும் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேரை "உங்களுக்கு இது தேவையில்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மகனுக்கு இதில் என்மேல் கோபம். சரி, கேளுங்கள். வண்டி என்ன மொடல், அதில் யார் யார் ஏறுகிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, 2018 விட்ஸ். நானும் மனைவியும் மட்டும்தான். வேலைக்குப் போவது, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவது, அவ்வளவுதான் ஓட்டம். துணி சீட் இன்னும் நன்றாக இருக்கிறது. லெதர் கவர் தைக்க 65,000 ரூபா கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அந்த விலைக்கு அவர்கள் லெதர் என்று சொல்வது அநேகமாகச் செயற்கை லெதர்தான். அது ஐந்து வருடம் தாங்கியது என்றே வைத்துக்கொள்வோம். மாதம் ஆயிரம் ரூபாவுக்கு மேல் ஆகிறது. எதைக் காப்பாற்ற இந்தச் செலவு? நன்றாக இருக்கிற துணியை. அந்தத் துணி இரண்டு பேர் ஏறி இறங்குவதால் தேய்ந்துவிடாது. வருடத்துக்கு ஒரு தடவை உள்ளே ஷாம்பு போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டால் போதும்.

நம் ஆட்களின் வண்டியில் முதலில் கெடுவது தலை சாயும் இடம். காரணம் தேங்காயெண்ணெய். அதற்கு ஹெட்ரெஸ்டுக்கு மட்டும் ஒரு துணி உறை தைத்துப் போடுங்கள், கிழமைக்கு ஒருமுறை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கலாம். கோயிலால் வரும்போது மஞ்சள் பட்டுவிட்டால் பதறவேண்டாம். சோப்பு போட்டுத் துடைத்துவிட்டு, கதவைத் திறந்து அந்த இடத்தில் வெயில் படவிடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் தானாக வெளிறும். குங்குமம் அப்படி இல்லை, அதற்கு உடனே துடைப்பதுதான் வழி.

தெமட்டகொடையிலிருந்து: வேகன் ஆர், ஹயருக்கு ஓடுகிறேன். ஒரு நாளைக்குப் பதினைந்து ட்ரிப்பாவது வரும். கவர் அவசியமா?

பதில்: உங்களுக்குக் கட்டாயம். ஆனால் ஒரே ஒரு விலை கூடிய செட் வேண்டாம். கழற்றித் துவைக்கக்கூடிய துணிக் கவர் இரண்டு செட் வாங்குங்கள். ஒன்று வண்டியில், ஒன்று கொடியில். உங்கள் சீட்டில் கதவுப் பக்கத்து ஓரம்தான் முதலில் கிழியும், நாள் முழுக்க அதில் உரசித்தானே இறங்கி ஏறுகிறீர்கள். அந்த ஓரத்துக்கு மட்டும் இரட்டைத் துணி வைத்துத் தரச் சொல்லுங்கள். பெரிய காசு ஆகாது.

நுகேகொடையிலிருந்து ஓர் அம்மா: அண்ணா, எங்களுடையது அக்வா. இரண்டு சின்னப் பிள்ளைகள். பால், பிஸ்கட், க்ரேயோன் எல்லாம் பின்சீட்டில்தான். கீழ் வரைக்கும் மூடுகிற மாதிரி ஒரு கவர் போட்டிருக்கிறோம். போன மாதம் ஹைபிரிட் பெட்டரி சூடாகிறது என்று எச்சரிக்கை லைட் வந்தது. கவருக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: இருக்கலாம் தங்கச்சி. இன்றைக்கே பாருங்கள். அக்வாவில் ஹைபிரிட் பெட்டரி பின்சீட்டுக்குக் கீழே இருக்கிறது. அதைக் குளிரவைக்கிற காற்று, வண்டிக்குள்ளிருந்தே ஒரு சின்னக் கிறில் வழியாக உள்ளே போகிறது. அந்தக் கிறிலும் பின்சீட்டுக்குக் கீழேதான். கவரின் பாவாடை மாதிரித் தொங்குகிற பகுதி அதை மூடினால் பெட்டரிக்கு மூச்சு முட்டும். சீட் கவராலோ பொதிகளாலோ அந்த வாயை மறைக்கவேண்டாம் என்று டொயோட்டாவின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. பழைய பிரியஸில் அந்த வாய் பின்சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும், அங்கேயும் இதே கதைதான்.

நான் கண்ட ஒரு வண்டியில் கவரின் பஞ்சும் பிஸ்கட் தூளும் சேர்ந்து கிறிலில் ஒரு கம்பளியே விரித்திருந்தது. அந்தப் பகுதியை வெட்டி, ஓரம் மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். விசிறியையும் ஒரு தடவை கழற்றித் துப்புரவு செய்யச் சொல்லுங்கள். பெட்டரி மாற்றும் செலவோடு பார்த்தால் பிஸ்கட் கறை ஒரு கறையே இல்லை.

இன்னொன்று. பிள்ளைகளின் சீட்டைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொளுவிகள் சீட்டின் மடிப்புக்குள் இருக்கும், பெல்ட் செருகும் கொக்கியும் அங்கேதான். கவர் இரண்டையும் விழுங்கிவிடும். வழுக்குகிற கவருக்கு மேல் பிள்ளை சீட்டை வைத்தால் இறுக்கமாகவும் நிற்காது. பிள்ளை சீட் வைக்கிற இடத்தில் கவரே இல்லாமல் விடுங்கள்.

மட்டக்குளியிலிருந்து: அண்ணே, கவர் போட்டால் எயார்பேக் வேலை செய்யாது என்கிறார்களே, உண்மையா? கடைக்காரர் "அதெல்லாம் கிழித்துக்கொண்டு வரும்" என்கிறார்.

பதில்: ஸ்டீயரிங்கில் இருக்கும் எயார்பேக்குக்கும் சீட் கவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீங்கள் பார்க்கவேண்டியது சீட்டுக்குள்ளேயே இருக்கும் பையை. முன்சீட்டின் சாய்மானத்தில், கதவுப் பக்கத்து ஓரத்தில், எஸ்ஆர்எஸ் எயார்பேக் என்று எழுதிய ஒரு சின்னத் துணித் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பக்கவாட்டு மோதலில் பை அங்கிருந்துதான் வெடித்து விரியும், அதுவும் நீங்கள் கண் இமைக்கும் நேரத்துக்கு முன்னால். அதற்காகவே கம்பனி அந்தத் தையலைப் பிரியக்கூடியதாக வைத்திருக்கிறது. அதற்கு மேல் நாம் தடித்த ரெக்சினை நைலோன் நூலால் இறுக்கித் தைத்துவிட்டால், பை பிந்தி விரியும், அல்லது தவறான திசையில் விரியும்.

"கிழித்துக்கொண்டு வரும்" என்று சொல்கிறவர் அதைச் சோதித்துப் பார்த்திருக்கமாட்டார். நானும் சோதித்ததில்லை. அதனால்தான் அந்த ஓரத்தைத் திறந்தே விட்டுத் தைக்கிறேன். பார்வைக்கு அவ்வளவு அழகாக இருக்காது என்று சண்டை பிடித்துவிட்டு வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு. போகட்டும்.

பொரளையிலிருந்து: ரெக்சின், பியூ, லெதர் என்று மூன்று விலை சொல்கிறார்கள். தொட்டுப் பார்த்தால் எல்லாம் ஒன்று மாதிரி இருக்கிறது. எப்படிப் பிரித்து அறிவது?

பதில்: கடையில் விரித்து வைத்த முன்பக்கத்தைத் தடவாதீர்கள், அது ஏமாற்றத்தான் இருக்கிறது. வெட்டிய ஓரத்தையும் பின்பக்கத்தையும் பாருங்கள். உண்மைத் தோலின் பின்பக்கம் நார் நாராக, சொரசொரப்பாக இருக்கும். மற்ற இரண்டிலும் பின்னால் துணி ஒட்டியிருக்கும்.

ரெக்சின் என்று நாம் சொல்வது பிவிசி, அதாவது துணிமேல் பிவிசி பிளாஸ்டிக் பூசியது. தண்ணீர் உள்ளே போகாது, விலையும் குறைவு, துடைத்தால் போய்விடும். ஆனால் காற்றும் போகாது. வெயிலில் நிறுத்தியிருந்த வண்டியில் கறுப்பு ரெக்சினில் உட்கார்ந்தால் தொடை பொரியும், ஏசி போட்ட பிறகும் முதுகு வியர்த்துக்கொண்டே இருக்கும். அதை மெதுவாக வைத்திருக்கிற எண்ணெய்த் தன்மையுள்ள பொருள் வருடக்கணக்கில் வெயிலில் வெளியேறிவிட, கடைசியில் விறைத்து வெடிக்கும்.

பியூ என்பது துணிமேல் பொலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல். கைக்குப் பூப்போல இருக்கும், எல்லோருக்கும் பிடிக்கும். அதன் எதிரி வெயிலை விட ஈரம். காற்றில் இருக்கிற ஈரமே அந்தப் பூச்சை உள்ளுக்குள் அரித்துவிடும், பிறகு வெயிலில் காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி உரிந்து உடுப்பில் ஒட்டும். கொழும்பில் எந்த மாதத்தில் காற்று காய்ந்து இருக்கிறது? கடல்பக்கம் போனால் இன்னும் மோசம். உரிய ஆரம்பித்த பியூவை ஒட்டவும் முடியாது, பொலிஷ் போடவும் முடியாது. மலிவான பியூவை விட நல்ல ரெக்சின் எவ்வளவோ மேல் என்பது என் முடிவு. கடைக்காரர்கள் சொல்லும் தரவரிசை வேறு மாதிரி இருக்கும், ஏனென்றால் பியூவில் இலாபம் கூட.

தோல் நல்ல பொருள்தான். வருடத்துக்கு மூன்று நான்கு தடவையாவது துடைத்து கண்டிஷனர் போடுகிற பொறுமை இருக்கவேண்டும். மழைக்காலத்தில் இரண்டு கிழமை வண்டியை மூடி வைத்தால் தோலில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கும்.

பம்பலப்பிட்டியிலிருந்து: வண்டியோடு வந்ததே லெதர் சீட். அதைப் பாதுகாக்க மேலே கவர் போடலாமா?

பதில்: வேண்டாம். இடையில் சிக்கும் மணல் அரம் மாதிரித் தோலைத் தேய்க்கும்.

கொலன்னாவையிலிருந்து: 2016 மே வெள்ளத்தில் எங்கள் பழைய கார் சீட் மட்டம் வரை மூழ்கியது. காயவைத்து, மேலே புதுக் கவர் போட்டுக்கொண்டோம். மழை வந்தால் இன்றைக்கும் ஒரு மணம். அடுத்த தடவை என்ன செய்யவேண்டும்?

பதில்: ஐயோ, வெள்ளம் போன சீட்டுக்குக் கவர் போடுவது புண்ணுக்குக் கட்டுப் போட்டு மறைப்பது மாதிரி. மேல்துணி ஒரு நாளில் காய்ந்துவிடும். உள்ளே இருக்கிற ஸ்பொஞ்ச் கிழமைக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். அதற்குக் கீழே இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும், தரைக் கம்பளத்துக்கு அடியிலும் சேறு நிற்கும். மணம் வருவது அங்கேயிருந்து.

சரியான வேலை இதுதான்: முதலில் பெட்டரி வயரைக் கழற்றவேண்டும், பிறகு சீட்டுகளை வெளியே எடுக்கவேண்டும். சீட்டுக்குக் கீழே மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது எயார்பேக்குக்குப் போவது, அதில் வீட்டில் கை வைக்கவேண்டாம், தெரிந்த ஆளிடம் விடுங்கள். சேற்றுத் தண்ணீர் குடித்த ஸ்பொஞ்சைக் காப்பாற்றப் பார்க்காமல் புதிதாக வெட்டிப் போடுங்கள். உங்கள் பழைய காருக்கும் இப்போது கவரைக் கழற்றி ஸ்பொஞ்சை ஒரு தடவை பார்ப்பது நல்லது. கவருக்கு வைத்திருக்கிற காசை ஸ்பொஞ்சுக்குப் போடுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: வேகன் ஆர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். சீட் கவர் பளபளவென்று புதிதாக இருக்கிறது. விற்கிறவர் அதற்கும் சேர்த்துத்தான் விலை சொல்கிறார்.

பதில்: விற்பதற்குச் சற்று முன் போட்ட புதுக் கவரைக் கண்டால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். கீழே கொக்கிகளைக் கழற்றி கவரைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வண்டியையும் மறந்துவிடுங்கள். சிகரெட் சுட்ட ஓட்டை, தண்ணீர்க் கறை, ட்ரைவர் சீட்டின் ஓரத் தேய்மானம், மூன்றையும் பாருங்கள். மீட்டர் 40,000 கிலோமீட்டர் காட்டுகிறது, ஆனால் அந்த ஓரத்தில் நூல் தெரிகிறது என்றால், இரண்டில் ஒன்று பொய், தேய்மானம் பொய் சொல்லாது. ஜப்பான் ஏலப் பத்திரம், அதாவது அங்கே ஏலத்தில் விற்றபோது வண்டியின் நிலையைப் பார்த்து எழுதிய தாள், இருந்தால் உள்பக்கத்துக்குக் கொடுத்த எழுத்தைக் கேளுங்கள். ஏ, பி என்றால் நல்லது. டி என்று எழுதியதை இங்கே கவர் போட்டு மூடியிருக்கலாம்.

கவருக்கென்று தனி விலை கொடுக்காதீர்கள். கறையில்லாத ஒரிஜினல் துணிக்குத்தான் வாங்குகிறவர்கள் கூடக் கொடுப்பதை நான் கண்டிருக்கிறேன்.

கிராண்ட்பாஸிலிருந்து: ஓட்டோவுக்கு?

பதில்: ரெக்சின். வேறு யோசனை வேண்டாம். பக்கத்தால் மழை அடிக்கிற வண்டிக்குத் துணி எதற்கு? தையல் குறைவாக வைக்கச் சொல்லுங்கள், தண்ணீர் இறங்குவது ஊசி போன ஓட்டை வழியாகத்தான்.

தெஹிவளையிலிருந்து: ஸ்கூல் வான் ஓடுகிறேன், 14 பிள்ளைகள். சீட் குழி விழுந்துவிட்டது, புதுக் கவர் போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது அண்ணன். குழி ஸ்பொஞ்சில் இருக்கிறது, கவர் அதற்கு மேலே குழியாகவே கிடக்கும். ஸ்பொஞ்ச் மாற்றி, அதற்கு மேல் ரெக்சின். நிறம் வெளிர் சாம்பலாக எடுங்கள், கறுப்பு எடுத்தால் மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற வானில் பிள்ளைகள் உட்காரமாட்டார்கள்.

கல்கிசையிலிருந்து: அண்ணா, கடைசியாக ஒன்று, சிரிக்கவேண்டாம். இறக்குமதி திறந்த பிறகு இந்த வருடம்தான் மாமனார் புது வண்டி எடுத்தார். சீட்டின் பொலித்தீனைக் கழற்ற விடுகிறாரே இல்லை. "இருக்கும் வரை இருக்கட்டும், இலவசக் கவர்தானே" என்கிறார்.

பதில்: சிரிக்கமாட்டேன், அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்திய கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. ஐந்து வருடம் காத்திருந்து, வரியோடு சேர்த்து அத்தனை காசு கொடுத்த மனிதருக்கு அதைக் கிழிக்கக் கை வராது.

ஆனால் அந்தப் பொலித்தீன், கப்பலிலும் யார்டிலும் அழுக்குப் படாமல் இருக்கப் போட்டது, ஆள் உட்காருவதற்கு இல்லை. வழுக்கும், சத்தம் போடும், வியர்வையையும் ஏசியின் ஈரத்தையும் அடியில் பிடித்து வைக்கும். எயார்பேக் ஓரத்தையும் மூடியிருக்கும். பின்சீட்டில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றிவிடுங்கள், மற்றப் பக்கம் அவருக்காக இருக்கட்டும். ஒக்டோபர் மழை ஒரு மாதம் பெய்யட்டும். பிறகு அவரையே கூப்பிட்டு, பொலித்தீனைத் தூக்கி மணந்து பார்க்கச் சொல்லுங்கள். கத்தரிக்கோலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அவரே கேட்பார்.