குளோரின் போட்டும் நீச்சல் குளத்து நீர் பச்சையாவது ஏன்?

வாரந்தோறும் குளோரின் போட்டும் வீட்டு நீச்சல் குளத்தில் பாசி படிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவைப் பாருங்கள். அது 7.5 ஆக இருக்கும்போது குளோரினில் ஏறத்தாழ பாதி, பாசியைக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும். பிஎச் 8-ஐத் தொட்டுவிட்டால் இந்த அமிலத்தின் பங்கு ஏறத்தாழ கால் பங்காகக் குறைந்துவிடுவதால், போடும் மருந்தில் பெரும்பகுதி வீணாகிறது. ஆகவே சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்து, பிஎச்சை 7.2 முதல் 7.6 வரைக்குள் கொண்டுவந்த பிறகே குளோரின் சேருங்கள். வெயில் அதை விரைவில் சிதைத்துவிடும் என்பதால், மாலையில் போட்டு இரவு முழுவதும் பம்பை ஓடவிடுவது நல்லது. ஏணிக்குப் பின்புறமும் படிகளின் மூலைகளிலும் விரலுக்கு வழுக்கும் மெல்லிய படலத்தைப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பலரும் விட்டுவிடும் வேலை இதுதான். பிஎச்சைக் குறைக்கும் அமிலத்தையும் குளோரினையும் தயவுசெய்து ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.