பட்டாசலில் நிற்கும் செடிக்குத் தினமும் தண்ணீர் எதற்கு?

கேள்வி: திருநெல்வேலி டவுணில் பழைய நீள வீடு எங்களுடையது. ஆசைப்பட்டு நான்கு செடிகள் வாங்கிப் பட்டாசலில் (வீட்டுக் கூடத்தில்) வைத்தேன். தினமும் காலையில் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். மூன்றே மாதத்தில் பாம்புச் செடி (ஸ்னேக் பிளான்ட்) அடி அழுகிச் சாய்ந்துவிட்டது. ஸீஸீ (ZZ) செடி மஞ்சளாகிவிட்டது. பீஸ் லில்லிக்கு இலை நுனி கருகுகிறது. பாட்டிலில் வைத்த மணி பிளான்ட் மட்டும் பிழைத்திருக்கிறது. "வீட்டுக்குள்ள செடி வச்சா கொசுதான் வரும்" என்கிறார் அத்தை. மூன்று வயதுப் பையன் வேறு இருக்கிறான். எனக்குச் செடி ராசி இல்லையா?

பதில்: ராசியெல்லாம் ஒன்றுமில்லை. பாசத்தில் தண்ணீர் கூடிப்போய்விட்டது, அவ்வளவுதான். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில் எப்போதும் நீர் நின்றால் வேர் மூச்சு முட்டி அழுகும். பாம்புச் செடியும் ஸீஸீயும் ஆப்பிரிக்கச் செடிகள். ஒன்று தடித்த இலையிலும், மற்றது மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலும் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று வாரம் தண்ணீர் காட்டாவிட்டாலும் அவை அசராது.

நர்சரியில் வாங்கும் செடி பெரும்பாலும் தேங்காய் நார்த்தூளில்தான் நிற்கும். மேலே பொருபொருவென்று காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே சதசதவென்று ஈரம் இருக்கும். அதனால் கண்ணை நம்பாமல் விரலை விட்டுப் பாருங்கள். மணி பிளான்ட், பீஸ் லில்லிக்கு விரலின் முதல் கணு ஆழம் வரை காய்ந்தால் தண்ணீர். மற்ற இரண்டுக்கும் தொட்டி அடிவரை காய வேண்டும். நாள் கணக்கு வைத்துக்கொண்டால் நம் ஊரில் ஏமாந்துவிடுவோம். ஆனித் தேர் சமயத்தில் கிளம்பும் காற்று ஆடி முழுக்க அடிக்கும். தென்காசிப் பக்கம் அது சாரலோடு வந்தாலும் டவுணுக்கு வரும்போது பெரும்பாலும் வறண்ட காற்றுதான். ஜன்னலோரத் தொட்டி இரண்டே நாளில் காய்ந்துவிடும். அதே தொட்டி ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பத்து நாள் ஆனாலும் ஈரமாக இருக்கும்.

பீஸ் லில்லியின் நுனி கருகுவதற்கு அந்த வறண்ட காற்றும் காரணமாக இருக்கலாம், போர் தண்ணீரில் உள்ள உப்பும் காரணமாக இருக்கலாம். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்புதான். பீஸ் லில்லிக்கு மட்டும் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள்.

அடுத்தது வெளிச்சம். நீள வீடுகளில் நடுப் பட்டாசல் பகலிலும் இருட்டாக இருக்கும். டியூப் லைட்டை அணைத்துவிட்டுத் தினத்தாள் எழுத்தை வாசிக்க முடிகிற இடம்தான் செடிக்கான இடம். தார்சா (வீட்டின் முன்பகுதி) ஜன்னலோரமும், உச்சி வெயில் நேராக விழாத முற்றத்து ஓரமும் ரொம்ப நல்லது.

அத்தை சொல்வது பாதி சரி. மண்ணில் கொசு பெருகாது. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டிலும் உங்கள் மணி பிளான்ட் பாட்டிலிலும் பெருகும். டெங்கு பரப்பும் கொசுவுக்கு இப்படித் தேங்கி நிற்கும் நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். முட்டை, கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். ஐந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். முட்டை பாட்டில் சுவரில் ஒட்டியிருக்கும், அதனால் உள்ளே தேய்த்தும் கழுவுங்கள். பையன் இருப்பதால் இன்னொன்று: மணி பிளான்ட், பீஸ் லில்லி, ஸீஸீ மூன்றிலும் ஊசி ஊசியான ஆக்சலேட் படிகங்கள் உண்டு. இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். அவன் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இவை காற்றைச் சுத்தம் செய்யும் என்று கேள்விப்பட்டு வாங்கியிருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். 1989-இல் நாசா சொன்னது மூடி அடைத்த சிறிய பெட்டிகளில் செய்த சோதனையை வைத்துத்தான். காற்று வந்துபோகிற வீட்டில் நான்கு செடியால் அது நடக்காது.

அப்படியானால் எதற்குச் செடி? பார்க்கத்தான். எனக்கு அதுவே பெரிய காரணம். காலையில் காப்பியோடு நீங்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் மணி பிளான்டை வைத்துப் பாருங்கள். புது இலை, சுருட்டிய வெற்றிலை மாதிரி வெளிர்பச்சையாக நீட்டிக்கொண்டு வரும். சில நாளில் ஒரு பக்கம் நெகிழும், பிறகு மெல்ல விரியும். விரிந்த புதிதில் தொட்டால் குழந்தையின் காது மடல் போல அவ்வளவு மிருது. சில விடியற்காலைகளில் இலை நுனியில் ஒரு சொட்டு நீர் தொங்கும். அது பனி இல்லை, இரவில் வேர் உறிஞ்சி மேலே தள்ளிய நீர். தொங்கவிட்ட கொடியில் இலை சிறுத்துக்கொண்டே போகும். அதையே ஒரு கம்பில் ஏற்றிவிட்டால் இலை பெரிதாகும். மணி பிளான்ட் தானாகப் பூப்பது மிக மிக அபூர்வம், ஆனால் பாம்புச் செடி வயதானால் பூக்கும். ராத்திரி வாசனையை வைத்துத்தான் பூத்திருப்பதே தெரியும்.

வீட்டுக்குள் செடி என்பது புது நாகரிகமும் அல்ல. அம்பாசமுத்திரத்தில் எங்கள் ஆச்சி வீட்டு நிலைக்கு மேலே ஆகாச கருடன் கிழங்கு தொங்கும். மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஒருநாள் பார்த்தால் கிழங்கிலிருந்து கொடி நீண்டிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அண்ணாந்து அதைப் பார்ப்பதுதான் என் முதல் வேலை.

முற்றத்து ஓரத்தில் ஒரு வெற்றிலைக் கொடி வையுங்கள், அதற்கு நிழல் பிடிக்கும். அத்தைக்கு வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் அதை அவரே பார்த்துக்கொள்வார்.

கடைசியாக, ஸீஸீயைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தொட்டியைக் கவிழ்த்துக் கிழங்கை அமுக்கிப் பாருங்கள். கொழகொழவென்று இருப்பதை வெட்டி எறியுங்கள். சேப்பங்கிழங்கு மாதிரி கெட்டியாக இருப்பதை இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, பாதி செம்மண், பாதி ஆற்று மணலில் நடுங்கள். அடியில் ஓட்டை உள்ள மண் தொட்டி நல்லது. நட்டபின் ஒரு வாரம் தண்ணீரே வேண்டாம். குருத்து வர மாதக்கணக்கில் ஆகலாம், பொறுத்திருங்கள்.