சாஃப் மகளிர் கோப்பையை இந்தியா ஏன் கோட்டைவிட்டது?

“தெற்காசிய மகளிர் கால்பந்தில், அதாவது சாஃப் கோப்பையில், தொடர்ந்து ஜெயித்த இந்தியா பிறகு ஏன் தோற்றது?” என்று கேட்டிருக்கிறீர்கள். தோற்ற பிறகுதான் இப்படி ஒரு போட்டி இருப்பதே உங்களுக்குத் தெரிய வந்திருக்கும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், என் வீட்டிலும் அதே கதைதான்.

2010 டிசம்பரில் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் முதல் போட்டி நடந்தது. இறுதியில் நேபாளத்தை 1-0 என்று வென்றோம். அப்போது நான் கல்லூரி அணியில் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரி. ஆண்கள் அணி கழித்துப்போட்ட ஜெர்சிதான் எங்களுக்கு. தொளதொள ஷார்ட்ஸை இடுப்பில் ஊக்கு குத்தி நிறுத்தியிருப்பேன். சறுக்கிப் பந்தைப் பறிக்கும்போது ஊக்கு திறந்து வயிற்றில் ஏறும். அந்த வெற்றிச் செய்தியை விடுதிக்கு வரும் பேப்பரில் தேடினேன். ஒரு வரி இல்லை.

அப்புறம் கொழும்பு, இஸ்லாமாபாத், சிலிகுரி, பிராட்நகர். மொத்தம் ஐந்து கோப்பை. 2019 அரையிறுதியில் வங்கதேசத்தை 4-0 என்று வென்றதில் இரண்டு கோல் நம் கடலூர் இந்துமதி அடித்தது. யாராவது பேசினார்களா?

ஆனால் சிலிகுரியிலேயே லீக் ஆட்டத்தில் வங்கதேசம் நம்மை 0-0 என்று மடக்கியிருந்தது. பள்ளி வயதுப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, ஒன்றாகத் தங்கவைத்து, வருஷக்கணக்கில் பழக்கினார்கள். களசிந்தூர் என்ற ஒரே கிராமத்திலிருந்தே பலர் வந்தார்கள். 2022-இல் காத்மாண்டுவில் அவர்களிடம் 0-3, அரையிறுதியில் நேபாளத்திடம் 0-1. கோப்பையோடு திரும்பிய வங்கதேசப் பெண்களை டாக்காவில் திறந்த பேருந்தில் ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். அதைப் பார்த்து எனக்குப் பொறாமைதான். 2024-லும் கோப்பை அவர்களுக்கே. அந்த முறை நேபாளத்துடன் நம் அரையிறுதி ஒரு மணி நேரத்துக்கு மேல் தடைபட்டு, கடைசியில் பெனால்டியில் தோற்றோம்.

நம் பெண்கள் சரியில்லை என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். 2025-இல் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றவர்களும் இவர்கள்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேகமாக வளர்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். என் விளையாட்டுச் சான்றிதழில் இனிஷியல் மாறியிருந்ததால் வேலைக்கான ஒதுக்கீட்டில் அதை ஏற்கவில்லை. திருத்தித் தரச் சொல்லி மூன்று முறை அலைந்தேன். மூன்றாவது முறை அங்கிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்: “பொண்ணுங்க டீமா? அப்படி ஒண்ணு இருந்துச்சா?”