படித்த அன்றே பார்க்க வேண்டாம்

அன்புள்ள ஐயா,

இந்த மே மாதம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் பத்து நாள் விடுமுறை கிடைக்கிறது. நான், கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், எட்டாம் வகுப்பு முடித்த மகன், எழுபது தாண்டிய மாமியார் என ஐந்து பேர். காலையில் ஒரு கதையைப் படிப்பது, அன்று இரவே அந்தக் கதையை வைத்து எடுத்த படத்தைச் சேர்ந்து பார்ப்பது என்று திட்டம் போட்டிருக்கிறேன். போன வருஷம் இதே ஆசையில் ‘பொன்னியின் செல்வ’னைத் தொடங்கி, ஐந்தாம் நாள் எல்லோரும் கைவிட்டுவிட்டோம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ‘அசுரன்’ பார்த்த பிறகு ‘வெக்கை’ நாவலை எடுத்தேன். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் தனுஷ் முகம்தான் வந்து நிற்கிறது. படித்துவிட்டுப் பார்ப்பதா, பார்த்துவிட்டுப் படிப்பதா? எந்தக் கதைகளை, எந்த வரிசையில் எடுத்துக்கொள்ளலாம்?

ம., மேட்டூர்

*

அன்புள்ள ம.,

நல்ல திட்டம். ஆனால் காலையில் படித்து இரவில் பார்ப்பதை மட்டும் மாற்றிவிடுங்கள். படித்ததற்கும் பார்ப்பதற்கும் நடுவே இரண்டு இரவாவது போகட்டும். அன்றைக்கே பார்த்தால் கதையின் சின்னச் சின்ன விவரமெல்லாம் பச்சையாக மனசில் இருக்கும். திரையில் ஒவ்வொரு காட்சி வரும்போதும் ‘இது கதையில் இல்லையே’, ‘அந்த வரி எங்கே போச்சு’ என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவோம். ஐந்து பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் ஒருவர் இப்படி வாய்திறந்தால் போதும், படம் போய்விடும். இரண்டு நாள் ஆறவிட்டால் விவரங்கள் உதிர்ந்து, கதையின் வாசனையும் நாலைந்து படிமங்களும் மட்டும் தங்கும். இயக்குநரும் பெரும்பாலும் அதிலிருந்துதான் தொடங்கியிருப்பார்.

போன வருஷம் நின்றுபோனது உங்கள் குற்றமில்லை. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரம்தோறும் வந்த தொடர். ஐந்து பாகங்களில் 57, 53, 46, 46, 91 என மொத்தம் 293 அத்தியாயங்கள். பத்து நாளில் முடிக்க நாளுக்கு 29 அத்தியாயம் படிக்கவேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிஷம் என்றாலும் தினம் ஆறு மணி நேரம் ஆகும். நேரத்தைக்கூட ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவும் வாசகரை அடுத்த இதழ்வரை தவிக்கவிடுவதற்காகக் கட்டப்பட்டது. அடுத்த பக்கத்திலேயே விடை கிடைக்கும்போது அந்த முடிச்சு வலுவிழக்கிறது. ஒரே நாளில் இருபத்தொன்பது முறை அப்படி நடந்தால் மனம் களைத்துப்போகும். நாளைக்கு ஐந்து அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் 59 நாளில் முடியும். பள்ளி திறந்த பிறகும் தொடரக்கூடிய வேலை அது, விடுமுறைக்கானது அல்ல. 2022, 2023இல் வந்த இரண்டு படங்களும் சேர்த்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம்தான். 293 அத்தியாயத்தை அதற்குள் அடைக்க நேர்ந்தால் எதை வெட்டுவது என்பதே இயக்குநரின் முதல் வேலையாகிவிடும்.

ஆகவே சின்னதிலிருந்து தொடங்குங்கள். சிறுகதையை எடுத்துக்கொள்ளும் இயக்குநருக்குக் கதையில் இல்லாததை உண்டாக்கியே தீரவேண்டிய கட்டாயம் இருக்கிறது. அவர் சேர்த்ததைக் கவனித்தால் அவர் கதையை எப்படிப் படித்தார் என்பது தெரிந்துவிடும்.

முதல் நாள் ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’. கல்யாணமான பெண் ஒருத்தி, தான் ஆசை வைத்திருந்த மச்சானைப் பார்க்க வெயிலில் பிறந்த ஊருக்கு வருகிறாள். அவன் குடும்பத்தில் நிம்மதியாக இல்லை என்று தெரிந்ததும் தாங்க முடியாமல் அழுகிறாள். சில பக்கங்கள்தான். வாய்விட்டுப் படித்தால் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இதிலிருந்துதான் சசி 2008இல் ‘பூ’ எடுத்தார். பார்வதி தமிழில் நடித்த முதல் படம். கதையில் சில வரிகளில் கடந்துபோகும் சின்ன வயசுப் பிரியம் படத்தில் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். கதை அந்த அழுகைக்கு முன்னால் அதிகம் விளக்காது. படத்துக்கு விளக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இரண்டு மணி நேரம் அவளோடு இருந்த பார்வையாளருக்கு அந்த அழுகை புரிந்தே ஆகவேண்டும். எனக்குக் கதையின் மௌனம்தான் பிடிக்கும். உங்கள் மகளுக்குப் படம் பிடிக்கலாம், அதில் தவறில்லை.

இரண்டாம் நாள் உங்கள் மகனுக்காக, பாஸ்கர் சக்தியின் ‘அழகர்சாமியின் குதிரை’. திருவிழா நெருங்கும் நேரத்தில் சாமியின் மரக்குதிரை காணாமல் போகிறது. ஊரே தவிக்கும்போது உயிருள்ள ஒரு குதிரை வந்து நிற்கிறது, பின்னாலேயே அதைத் தேடிக்கொண்டு சொந்தக்காரனும் வருகிறான். பதின்மூன்று வயதுப் பையனைப் பிடித்து உட்காரவைக்க இதைவிட நல்ல முடிச்சு இல்லை. 2011இல் சுசீந்திரன் எடுத்த படத்தில் அப்புக்குட்டிக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. பையன் கதையைப் படிக்க மறுத்தால் பாதிவரை நீங்கள் படித்துக்காட்டி, குதிரை பிடிபடும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை அவனே எடுத்துப் படிப்பான்.

மூன்றாம் நாள் இரவு ‘பூ’, நான்காம் நாள் இரவு ‘அழகர்சாமியின் குதிரை’. இதற்கிடையே பெரியவர்கள் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தொடங்கிவிடலாம். குறுநாவல்தான். அவருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் மலிவான பதிப்புகளும் கிடைக்கின்றன. இதிலிருந்து 1979இல் மகேந்திரன் ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தார். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன்: கதையையும் படத்தையும் வரிக்கு வரி பொருத்திப்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கதையில் தாயில்லாத வீட்டுக்குள் இரண்டாம் மனைவி வருகிறாள். படத்தில் அந்தத் தாய் நம் கண்முன் வாழ்கிறாள், நோயோடும் அவமானத்தோடும். கணவனின் சுந்தரவடிவேலு என்ற பெயரும் குழந்தைகளின் தனிமையும்தான் கதையிலிருந்து வந்தவை. ஊர், ஆறு, கடைசியில் ஊரார் அவனைத் தண்ணீரை நோக்கி நடக்கவைப்பது எல்லாம் மகேந்திரன் உண்டாக்கியவை. புதுமைப்பித்தனைக் குறைத்துவிட்டார் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தாயை இழந்த குழந்தைகள் என்ற ஒரே விதையை எடுத்துக்கொண்டு அதற்கு வேறு மண் தேடியிருக்கிறார். தழுவல் என்றால் எனக்கு இதுதான் உச்சம். ஆறாம் நாள் இரவுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை யாருக்கும் அவசர வேலை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் படம் முடிந்ததும் உடனே தூக்கம் வராது.

உங்கள் மகளுக்கென்று தனியாக ஒரு வரிசை. ஜெயகாந்தன் 1966இல் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை முதலில். மழையில் காரில் ஏற்றிச் செல்லப்பட்டுச் சீரழிக்கப்பட்ட மகளின் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லித் தேற்றுகிறாள் தாய். அதற்கு எழுந்த எதிர்ப்பு பெரிது. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் கூச்சலிட்டு ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று பிறகு அவரே எழுதிய நாவல்தான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. நாவலுக்குள் வரும் எழுத்தாளர் ஆர்.கே.வி. அந்தச் சிறுகதையை எழுதியவர். கதாநாயகி கங்கா அதைப் பத்திரிகையில் படிக்கிறாள். தன் வாழ்க்கை வேறுவிதமாக முடிந்திருக்கக்கூடிய ஒரு கதையை அச்சில் பார்க்கும் பெண்! தமிழில் இப்படி ஒரு அமைப்பை வேறெங்கும் எளிதில் காட்டிவிட முடியாது. 1972க்கான சாகித்திய அகாதெமி விருது இந்த நாவலுக்குக் கிடைத்தது. 1977இல் பீம்சிங் படமாக்கியபோது திரைக்கதை வசனத்தை ஜெயகாந்தனே எழுதினார். லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது. ஆர்.கே.வி.யாக நாகேஷ்.

சிறுகதை, நாவல், படம் என்ற இந்த வரிசையை மாற்றவே கூடாது. நாவலை முதலில் படித்தால் கங்கா அந்தப் பத்திரிகையைப் பிரிக்கும் இடம் வெறும் தகவலாகப் போய்விடும். மகனுக்கு இப்போது வேண்டாம். பதினாறு, பதினேழில் படிக்கட்டும்.

இனி ‘வெக்கை’. படித்துவிட்டுப் பார்ப்பதே பொதுவில் நல்லது. நடிகரின் முகம் ஒருமுறை வந்து உட்கார்ந்துவிட்டால் எழுந்து போகாது, அதைத் துரத்த முயல்வதும் வீண். ஆனால் பூமணியின் இந்த நாவல் உங்களுக்கே உதவி செய்யும். ‘அசுரன்’ அப்பாவின் கதை. ‘வெக்கை’ பதினைந்து வயதுச் சிதம்பரத்தின் கதை. கையை மட்டும் வெட்ட நினைத்தவன் கொலையில் போய் நிற்கிறான். அப்புறம் அப்பாவும் மகனும் ஏறத்தாழ எட்டு நாள் காட்டிலும் மலையிலும் பதுங்கி, கிடைத்ததை ஆக்கித் தின்று, பேசிக்கொண்டே நடக்கிறார்கள். படத்தின் பெரிய பகுதியான அப்பாவின் இளமைக்கால நிகழ்வுகள் நாவலில் இல்லை. தனுஷ் முகத்தை உங்கள் மனசில் அழுத்திப் பதித்ததே அந்தப் பகுதிதான். நாவலில் அது எப்போது வரும் என்று காத்திருப்பதால்தான் அந்த முகம் நகர மறுக்கிறது.

அப்பாவைப் பார்க்காமல் பையனின் கண்ணோடு போங்கள். முதல் மூன்று அத்தியாயத்தை வாய்விட்டுப் படியுங்கள். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பேச்சு காதில் விழுந்துவிட்டால் அந்தக் குரலுக்கு ஏற்ற வேறொரு முகம் தானாக வரும். புரியாத சொல் வந்தால் அந்த இடத்திலேயே நிற்காதீர்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு சொல் தெரியாவிட்டாலும் கதை ஓடும். பென்சிலால் கோடிட்டு வைத்து, பிறகு கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதியில் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய படங்களில் ஒரு ஆபத்து இருக்கிறது, இதை விரிவாகச் சொல்லவேண்டும். இணையத்தில் கிடைக்கும் பிரதிகள் பல, வெட்டப்பட்டவை. தொலைக்காட்சியின் விளம்பர நேரத்துக்காகவும் பாட்டுகளைத் தனியாகப் போடுவதற்காகவும் வெட்டியிருப்பார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் தெரிந்தால் அங்கே நிறுத்துங்கள். படத்தின் நீளம் மீட்டரில் இருக்கும். 35 மி.மீ. படச்சுருள் ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 27.4 மீட்டர் ஓடும். 4,000 மீட்டர் என்று போட்டிருந்தால் 146 நிமிஷம் இருக்கவேண்டும். 140 நிமிஷம் காட்டினால் பயப்படவேண்டாம்: சினிமா நொடிக்கு 24 சட்டகம், நம் பழைய தொலைக்காட்சி முறை 25. அந்த வேகத்துக்கு மாற்றும்போது நூற்றுக்கு நான்கு குறையும், ஒன்றும் வெட்டுப்பட்டிருக்காது. ஆனால் 120 நிமிஷம்தான் இருக்கிறது என்றால் அதை விட்டுவிட்டு வேறு பிரதி தேடுங்கள். ‘உதிரிப்பூக்கள்’ போன்ற படத்தில் யாரும் பேசாத காட்சிகளைத்தான் ‘இங்கே ஒன்றும் நடக்கவில்லை’ என்று முதலில் வெட்டுவார்கள். அந்தப் படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

ஆட்கள் குட்டையாகவும் குண்டாகவும் தெரிந்தால் பழைய சதுரப் படத்தை அகலத் திரைக்கு இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டிவியின் பட அளவு அமைப்பில் 4:3 தேர்ந்தெடுங்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், முகங்கள் சரியாகிவிடும். எல்லாப் படத்தையும் முந்தின நாளே ஐந்து நிமிஷம் ஓட்டிச் சரிபார்த்துவிடுங்கள். ஐந்து பேர் உட்கார்ந்த பிறகு பிரதி தேடினால் மகன் செல்பேசியை எடுத்துவிடுவான், பிறகு திரும்ப வரமாட்டான்.

மே மாத வெயிலில் மத்தியானப் படிப்பு கண்ணை இழுக்கும். காலை ஆறிலிருந்து எட்டு வரை படியுங்கள். சாதாரண அச்சில் ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிஷம் என்றால் இரண்டு மணி நேரத்தில் 60 பக்கம் ஆகும், அது போதும். காலைச் சமையலை அந்தப் பத்து நாளும் யார் பார்ப்பது என்பதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் திட்டம் போட்ட நீங்கள் ஒருவர் மட்டும் படிக்காமல் நிற்பீர்கள். புத்தகங்களை இப்போதே சேர்த்து வையுங்கள். நூலகத்தில் எடுப்பதானால் விடுமுறை நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள், கிளை நூலகங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும்.

படம் பார்க்கும் முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கதையிலிருந்து ஒரே ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து, அதைத் தான் எடுத்தால் எப்படி எடுப்பேன் என்று ஒவ்வொருவரும் நாலு வரி எழுதட்டும். வெளிச்சம் எந்தப் பக்கம், யார் முகம் முதலில், சத்தம் என்ன, எங்கே நிறுத்துவது. தாளை மடித்து வைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். அந்தக் காட்சியே படத்தில் வராமல் போகலாம். அப்போது அது ஏன் வரவில்லை என்ற பேச்சு தானாக எழும்.

ஏழாம் நாளிலிருந்து எதையும் குறிக்காதீர்கள். விருந்தாளி வருவார்கள், மின்சாரம் போகும், யாருக்காவது காய்ச்சல் வரும். தள்ளிப்போனதை அங்கே வைத்துக்கொள்ளலாம். ஒன்றும் தள்ளிப்போகாவிட்டால் மகள் ‘சில நேரங்களில் சில மனிதர்க’ளை முடிக்க அந்த நாட்கள் சரியாக இருக்கும்.

மாமியாருக்குச் சிறிய எழுத்து சிரமமாக இருந்தால் இரண்டு சிறுகதைகளையும் மகன் அவருக்கு வாசித்துக் காட்டட்டும். ஒரு நாளைக்கு அரைமணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் அவர் நிறுத்தி ஏதாவது சொன்னால் கதையை நிறுத்திவிட்டு அதைக் கேட்கச் சொல்லுங்கள். பிறந்த ஊருக்கு வெயிலில் நடந்துபோன பெண்களைப் பற்றி அவருக்குத் தெரிந்தது நிறைய இருக்கும்.